பாரி நகரில் அவர் உதைக்க மறுத்த பெனால்டி: தமிழ் விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கு,

செர்பியத் தேசியக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் டிராகன் ஸ்டொய்கோவிச் 2025 அக்டோபர் 11 அன்று பதவி விலகியதை ஒட்டி, உங்களில் ஒருவர் பொறுப்பில் வரும் நாளிதழில் ஒரு பெட்டிச் செய்தி வெளியானது. ஐரோப்பியச் சங்க அணிகளுக்கான 1991 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் பெனால்டியைத் தவறவிட்டு, தாம் ஆடிய பிரான்சின் மார்செய் அணியின் தோல்விக்குக் காரணமானவர் அவர் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அது உண்மையன்று. அன்று அவர் பெனால்டியைத் தவறவிடவில்லை, எடுக்கவே மறுத்தார். தவறவிடுவதற்கும் மறுப்பதற்கும் இடையே உள்ள தூரம்தான் அந்த மனிதரின் வாழ்க்கை. அந்தத் தூரத்தை உங்கள் செய்தி ஒரே வரியில் அழித்துவிட்டது.

பிழையைச் சுட்டிக்காட்டி அன்று மாலையே மின்னஞ்சல் அனுப்பினேன். பத்து நாள் காத்திருந்து, பதிவுத் தபாலில் ஒரு கடிதமும் அனுப்பினேன். ஒப்புகை அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. அதற்குள் அதே வரி, சொல் மாறாமல், வேறு இரண்டு இடங்களில் வெளியாகிவிட்டது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்தெழுதும் வழக்கம் உங்கள் அனைவரிடமும் இருப்பதால்தான் இந்த மடலை உங்கள் அனைவருக்கும் எழுதுகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் திருக்குறளுக்கும் அதன் பொருளுக்கும் பிறகு ஒரு மாணவன் செய்தி வாசிப்பான். அந்த வாரம் முறை வந்தது எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு. என்னிடம் கால்பந்து பயில்பவன், இடது காலால் நன்றாக ஆடுபவன். உங்கள் பெட்டிச் செய்தியைக் கத்தரித்து, பழைய கணக்குக் குறிப்பேட்டின் தாளில் ஒட்டிக் கொண்டுவந்து, அறுநூறு பிள்ளைகளின் முன்னால் தெளிவான குரலில் வாசித்தான். கூட்டம் முடிந்ததும் அவனை அழைத்து அந்த வரி தவறு என்று சொன்னேன். அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு கேட்டான்: "பேப்பர்ல போட்டிருக்கே சார்?" உங்களுக்குப் பதினைந்து சொற்களில் முடிந்துபோன விஷயம் எனக்கு அங்கேதான் தொடங்கியது.

இனி, நடந்தது என்ன என்பதைச் சொல்கிறேன்.

1991 மே 29 அன்று இத்தாலியின் பாரி நகரில் மார்செய் அணியும் பெல்கிரேடின் ரெட் ஸ்டார் அணியும் மோதின. ஸ்டொய்கோவிச் அதற்கு முந்தைய கோடையில்தான் ரெட் ஸ்டாரிலிருந்து மார்செய்க்கு மாறியிருந்தார். முழங்கால் காயத்தால் அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை இழந்திருந்தார். இறுதிப் போட்டியில் கோல் விழவில்லை. கூடுதல் நேரத்தின் 112-ஆவது நிமிடத்தில்தான் பயிற்சியாளர் ரெய்மோன் கோதால்ஸ் அவரைக் களத்தில் இறக்கினார். எட்டு நிமிடங்களுக்குப் பிறகு, வெற்றியைத் தீர்மானிக்க வரப்போகும் பெனால்டிகளை எண்ணியே இறக்கினார் என்பது பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் தம்மை வளர்த்த சங்கத்திற்கு எதிராகப் பெனால்டி எடுக்க மாட்டேன் என்று ஸ்டொய்கோவிச் மறுத்துவிட்டார். மார்செய்யின் முதல் பெனால்டியை எடுத்த மானுவல் அமோரோஸின் உதையை ரெட் ஸ்டார் கோல்கீப்பர் ஸ்டெவன் ஸ்டொயனோவிச் தடுத்தார். ரெட் ஸ்டார் தன் ஐந்து வாய்ப்புகளையும் கோலாக்கி 5-3 என வென்றது. ஸ்டொயனோவிச், ஸ்டொய்கோவிச் என்ற இரு பெயர்களையும் குழப்பிக்கொண்டதால் இந்தத் தவறு நேர்ந்ததா, வேறு ஓர் ஆண்டின் செய்தி இதனுள் கலந்ததா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த வேறு ஆண்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அது 1990. எனக்கு அப்போது பதினான்கு வயது. எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. தூர்தர்ஷன் இத்தாலி உலகக் கோப்பையை ஒளிபரப்பியது. ஜூன் 26 அன்று நம் நேரம் இரவு எட்டரைக்கு வெரோனா நகரில், செர்பியா அப்போது அங்கமாக இருந்த யூகோஸ்லாவியாவும் ஸ்பெயினும் ஆடிய ஆட்டத்தை, வலை பழுதுபார்த்துவிட்டு வந்த பெரியவர்களின் தோள்களுக்கு இடையே நின்று பார்த்தேன். 78-ஆவது நிமிடத்தில் கோல் முகப்பில் பந்து உயரத்திலிருந்து இறங்கி வந்தது. பத்தாம் எண் சட்டை அணிந்தவர் அதை அப்படியே ஓங்கி உதைக்கப்போவதுபோல் காலைத் தூக்கினார். தடுக்க வந்த ஸ்பெயின் வீரர் அதை நம்பித் தரையோடு சறுக்கி அவரைக் கடந்து போனார். அவரோ உதைக்கவில்லை, பந்தைக் காலடியில் அடக்கி, ஒரு மூச்சு விடும் நேரம் நின்று, அதன் பிறகே கோலுக்குள் தள்ளினார். படிப்பகத்தில் யாரும் கத்தவில்லை. என்ன நடந்தது என்று புரியவே எங்களுக்குச் சற்று நேரமாயிற்று. ஸ்பெயின் சமன் செய்த பிறகு, கூடுதல் நேரத் தொடக்கத்தில் தடுப்புச் சுவரைச் சுற்றி வளைந்து போன ஃப்ரீ கிக்கால் அவரே ஆட்டத்தை முடித்தார். மறுநாள் காலை கடற்கரையில் நாங்கள் அத்தனை பேரும் உதைக்காமல் நிற்கப் பழகினோம். இன்றும் என் மாணவர்களுக்கு நான் கற்றுக்கொடுக்கும் முதல் ஏமாற்று அசைவு அதுதான்.

நான்கு நாள் கழித்து ஃபுளோரன்ஸ் நகரில் காலிறுதி. தன் வீரர் ஷபனாஜோவிச் 31-ஆவது நிமிடத்திலேயே வெளியேற்றப்பட, பத்துப் பேராக நின்று மரடோனாவின் அர்ஜெண்டினாவை 120 நிமிடங்கள் கோல் இல்லாமல் தாங்கியது இவிட்சா ஓசிம் பயிற்றுவித்த யூகோஸ்லாவியா. பெனால்டிகளில் தம் அணிக்காக முதலில் வந்தவர் ஸ்டொய்கோவிச். அவர் அடித்த பந்து மேல் கம்பத்தில் மோதித் திரும்பியது. ஆம், அவர் பெனால்டியைத் தவறவிட்டிருக்கிறார். ஆனால் அது ஃபுளோரன்ஸில், தம் நாட்டுக்காக. அன்று மரடோனாவும் தவறவிட்டார். ஃபுளோரன்ஸையும் பாரியையும் ஒன்றாக்கிய உங்கள் வரி, தோல்வியைத் தாங்கி நின்ற ஓர் இரவையும் மனச்சாட்சிக்குக் கட்டுப்பட்ட ஓர் இரவையும் ஒரே கறையாகத் தீட்டிவிட்டது.

பாரியில் அவர் ஏன் மறுத்தார் என்பதை அறிய ரெட் ஸ்டாருடன் அவருக்கிருந்த உறவை அறிய வேண்டும். 1965 மார்ச் 3 அன்று தெற்கு செர்பியாவின் நிஷ் நகரில் பிறந்து, அந்நகரின் ராட்னிச்கி சங்கத்தில் ஆடத் தொடங்கி, பத்தொன்பது வயதிலேயே ஐரோப்பிய நாடுகளுக்கான 1984 யூரோ போட்டியில் பிரான்சுக்கு எதிராகக் கோல் போட்டு, அதே ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியிலும் இருந்தவர், 1986-இல் பெல்கிரேடுக்கு வந்தார். அங்கே அவர் ஆடியது நான்கே பருவங்கள். 1988-இல் மிலான் அணிக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பைச் சுற்றில், மிலானின் சொந்தத் திடலில் ஒரு கோல் போட்டார். பெல்கிரேடில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் ரெட் ஸ்டார் 1-0 என முன்னிலையில் இருந்தபோது மூடுபனி இறங்கித் திடலையே மறைக்க, ஆட்டம் கைவிடப்பட்டது. மறுநாள் தொடக்கத்திலிருந்து ஆடியபோது மீண்டும் அவரே ரெட் ஸ்டாரின் கோலைப் போட்டார். 1-1 என முடிந்து, பெனால்டிகளில் மிலான் தப்பியது. அந்தப் பருவத்தின் கோப்பையையும் அதுவே வென்றது. அந்த மூடுபனி இல்லாமல் இருந்திருந்தால் என்று பெல்கிரேடில் இன்றும் பேசுகிறார்கள். தன் வரலாற்றின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கு 'நட்சத்திரத்தின் நட்சத்திரம்' என்ற பட்டம் அளிக்கும் வழக்கம் உடைய அச்சங்கம், ராய்கோ மிதிச், ஷெகுலராட்ஸ், ஜாயிச், விளாதிமிர் பெட்ரோவிச் ஆகிய நால்வருக்கு அடுத்து ஐந்தாவதாக இவரைத் தேர்ந்தது. நான்கு பருவ ஆட்டத்திற்கு அத்தனை பெரிய பட்டம். அப்படிப்பட்ட வீட்டை நோக்கி உதைக்கச் சொன்னால் காலுக்கு எங்கிருந்து மனம் வரும்?

உங்கள் பெட்டிச் செய்தி விட்டுவிட்டதில் எனக்கு மிகவும் வலித்தது 1992. ஐக்கிய நாடுகள் அவை மே இறுதியில் யூகோஸ்லாவியா மீது தடை விதித்தது. ஐரோப்பியப் போட்டிக்காக சுவீடனுக்கே போய்ச் சேர்ந்திருந்த அணி திருப்பி அனுப்பப்பட்டது. அந்த இடத்தில் சேர்க்கப்பட்ட டென்மார்க் கோப்பையை வென்றது. 1994 உலகக் கோப்பையும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் பிரேசிலுக்கு எதிராகத்தான் அந்நாட்டு அணி மீண்டும் களம் கண்டது. தடை வந்தபோது ஸ்டொய்கோவிச்சுக்கு 27 வயது. நீங்கியபோது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். ஒரு நடுக்கள ஆட்டக்காரரின் மிகச் சிறந்த ஆண்டுகள் அவை. அந்தத் தடைக்குக் காரணமான போர்களின் நியாய அநியாயங்களை இங்கே எழுத நான் வரவில்லை. அவற்றில் உயிரை இழந்தவர்களின் இழப்புக்கு முன்னால் ஒரு ஆட்டக்காரரின் இழப்பு எதுவுமில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நாட்டுக்காக 84 ஆட்டங்களும் 15 கோல்களும் மட்டுமே என்று எண்ணைப் போடும்போது, அந்த எண் ஏன் அவ்வளவில் நின்றது என்று ஒரு வரி எழுதுவது செய்தியாளரின் கடமை. 33 வயதில், 1998 உலகக் கோப்பையில், கேப்டனாக வந்து ஜெர்மனிக்கு எதிராகக் கோல் போட்டார் என்பதையாவது எழுதியிருக்கலாம்.

ஜப்பானையும் நீங்கள் ஓய்வுக்காலம்போல் கடந்துவிட்டீர்கள். 1994 முதல் 2001 வரை நகோயா கிராம்பஸ் அணியில் ஆடியவர். 1995-இல் ஆர்சென் வெங்கர் பயிற்சியில் ஜப்பானிய லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானவர். பிறகு தம் நாட்டுக் கால்பந்துச் சங்கத்துக்கும் ரெட் ஸ்டாருக்கும் தலைவராக இருந்துவிட்டு, 2008-இல் அதே நகோயாவுக்குப் பயிற்சியாளராகத் திரும்பி, 2010-இல் அந்தச் சங்கத்துக்கு அதன் முதல் லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தவர். 2009 அக்டோபரில் யோகோஹாமாவில் நடந்தது உங்களில் பலருக்குக் காணொளியாகத் தெரிந்திருக்கும்: காயம்பட்ட வீரருக்காக வெளியே உதைக்கப்பட்ட பந்து வானில் உயர்ந்து தம்மை நோக்கி இறங்கியபோது, கோட்டும் தோல் காலணியும் அணிந்து எல்லைக் கோட்டருகே நின்ற அவர் அதைத் தரையில் விழவிடாமல் உதைக்க, பாதித் திடலைக் கடந்து அது கோலுக்குள் போய் விழுந்தது. நடுவர் அவரை வெளியேற்றினார். என் மாணவர்களுக்கு அதை நான் பலமுறை காட்டியிருக்கிறேன். அவர்கள் சிரித்து முடித்த பிறகு, பந்து இறங்கும்போது அவருடைய கண் எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன்.

இப்போது செர்பியப் பயிற்சிக் காலம். அவரைக் குறை சொல்லக் கூடாது என்று நான் கேட்கவில்லை. 2021 மார்ச்சில் பொறுப்பேற்று, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் எட்டு ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல், நவம்பர் 14 அன்று லிஸ்பனில் 90-ஆவது நிமிடத்தில் மித்ரோவிச் தலையால் முட்டிய கோலில் போர்ச்சுகலை 2-1 என வீழ்த்தி, ரொனால்டோவின் அணியைப் பிளே-ஆஃப் எனும் கூடுதல் தகுதி ஆட்டங்களுக்குத் தள்ளியவர் அவர். அதே அணி கத்தாரில் கேமரூனுக்கு எதிராக 3-1 என முன்னிலை பெற்று 3-3 என விட்டுக்கொடுத்தது. சுவிட்சர்லாந்துக்கு எதிராக 2-1 என முன்னிலை பெற்று 2-3 எனத் தோற்றது. அவருடைய அணிகளுக்கு முன்னேறத் தெரிந்த அளவுக்குப் பின்வாங்கிக் காக்கத் தெரியவில்லை. அது அவருடைய குறைதான். 2024 யூரோவுக்குத் தகுதி பெற்றார். 2000-க்குப் பிறகு அந்நாட்டுக்கு அதுவே முதல் முறை. ஆனால் அங்கே மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோல், அதுவும் ஸ்லோவேனியாவுக்கு எதிராக 95-ஆவது நிமிடத்தில் யோவிச் போட்டது. அந்தப் போட்டியோடு அவர் விலகியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. விலகவில்லை. 2025 செப்டம்பர் 9 அன்று, முதல் நட்சத்திரமான ராய்கோ மிதிச்சின் பெயரைத் தாங்கிய பெல்கிரேட் மைதானத்தில், ஐந்தாம் நட்சத்திரமான அவர் கண்முன்னே இங்கிலாந்து ஐந்து கோல்கள் போட்டது.

முடிவு வந்தது லெஸ்கோவட்ஸில், அவர் பிறந்த நிஷ் நகருக்குத் தெற்கே உள்ள சிறு நகரத்தில். அதே மைதானத்தில்தான் 2023 நவம்பரில் பல்கேரியாவுடன் 2-2 எனச் சமன் செய்து யூரோவுக்குத் தகுதி பெற்றார். அதே மைதானத்தில்தான் 2025 அக்டோபரில் அல்பேனியாவிடம் 0-1 எனத் தோற்று, ஆட்டம் முடிந்த கையோடு பதவி விலகுவதாக அறிவித்தார். இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே புல்தரையில் நடந்த இவ்விரு இரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் உங்கள் செய்தி எவ்வளவு உண்மையாக இருந்திருக்கும்! அவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை. 0-5 மட்டும் தலைப்பில் இருந்தது.

பெயரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜோகோவிச் என்று நீங்கள் சரியாகத்தான் எழுதுகிறீர்கள். அதே நாட்டைச் சேர்ந்தவரின் பெயர் உங்களிடம் 'ஸ்டோஜ்கோவிக்' ஆகிவிடுகிறது. செர்பிய எழுத்து முறை ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்ற விதிப்படி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வூக் கராஜிச் சீர்செய்தது. பேசுவதுபோல் எழுது என்பதே அதன் அடிப்படை. ரோமன் எழுத்தில் 'ஜே' என்று நாம் படிப்பது அவர்களுக்கு 'ய்'. தலையில் கோடு தாங்கி இறுதியில் வரும் 'சி' அவர்களுக்கு 'ச்'. தமிழில் இவற்றை எழுத நமக்கு எந்தத் தடையும் இல்லை. இன்னொன்று: அவருடைய முதற்பெயரை வைத்து, நெருப்பு கக்கும் விலங்கு வீழ்ந்ததுபோல் ஒரு தலைப்பும் கண்டேன். டிராகன் என்ற செர்பியப் பெயர், அன்புக்குரியது என்று பொருள்படும் ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது. அந்த விலங்குக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பெற்றோர் அன்பாக வைத்த பெயரை ஒருவர் பதவி இழந்த நாளில் கேலிக்குப் பயன்படுத்துவதை நம் ஊர் மனிதர் ஒருவருக்குச் செய்திருப்பீர்களா?

உங்கள் அறைகளில் ஆள் குறைவு, நேரம் குறைவு, முகமைச் செய்தியை அவசரமாகத் தமிழாக்கிப் பக்கத்தை முடிக்க வேண்டியிருக்கிறது என்பதை அறிவேன். உங்களிடம் பணிபுரிந்த என் பழைய மாணவன் ஒருவனே அதைச் சொல்லியிருக்கிறான். அவசரத்தில் பிழை நேரும். அதை நான் மன்னிக்க முடியாத குற்றமாகக் கருதவில்லை. சுட்டிக்காட்டிய பிறகும் அதை அப்படியே விட்டுவைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே நான் கேட்பவை இவை. பாரி இறுதிப் போட்டி பற்றிய வரிக்கான திருத்தத்தை, அந்தச் செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடுங்கள். ஸ்டொய்கோவிச் பெனால்டியைத் தவறவிடவில்லை, எடுக்க மறுத்தார் என்ற இரண்டு செய்திகளும் அதில் தெளிவாக இருக்கட்டும். இணையத்தில் உள்ள பதிப்பை ஓசையில்லாமல் மாற்றாமல், திருத்தப்பட்டது என்ற குறிப்போடும் நாளோடும் மாற்றுங்கள். எடுத்தெழுதிய மற்ற இருவரும் அவ்வாறே செய்யுங்கள். செர்பிய, குரோஷிய, ஸ்லோவேனியப் பெயர்களை ஒலிக்கு ஏற்பத் தமிழில் எழுத ஒரு பக்க அளவில் ஒரு பட்டியலை உங்கள் மேசைகளில் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தயாரித்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன், ஊதியம் வேண்டாம். ஒரு விளையாட்டு வீரரின் முழு வாழ்க்கையையும் சுருக்கி எழுதும் செய்தி எதையும், அச்சேறும் முன் அந்த விளையாட்டை அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பிழை சுட்டி வரும் கடிதங்களுக்கு, ஏற்பதாகவோ மறுப்பதாகவோ, ஒரு வரியாவது பதில் எழுதுங்கள்.

திருத்தம் வெளியாகும் தேதியை எனக்கு முன்கூட்டித் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் முறையை அந்த எட்டாம் வகுப்பு மாணவனுக்கே தருவதாகத் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியர்,
கன்னியாகுமரி மாவட்டம்.